போர்ட் லூயியிலிருந்து டர்பனுக்குப் பாய்மரப் படகில்: முதன்முறை ஏறுகிறவர்களுக்கு

அக்டோபர் மாதம் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில், கோடான் என்கிற துறைமுகப் பக்கம் மாலையில் நடந்து போனால், மெரினாவில் பல நாட்டுக் கொடிகளோடு பாய்மரப் படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவிலிருந்தும் கோகோஸ் தீவுகளிலிருந்தும் கடலைக் கடந்து வந்தவை. நவம்பர் பிறந்தால் இந்தப் பக்கம் புயல் காலம். அதற்குள் தென்னாப்பிரிக்கா போய்ச் சேர வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். அந்தப் படகுகளில் ஏதாவது ஒன்றில் ஒரு ஆள் குறையும். கூட வந்தவர் பாதியிலேயே ஊருக்கு விமானம் ஏறியிருப்பார், இல்லையென்றால் கணவனும் மனைவியுமாக இரண்டே பேர் இரவு பகலாகக் கண் விழித்து ஓய்ந்து போயிருப்பார்கள்.

எனக்கும் அப்படித்தான் வாய்த்தது. படகின் சொந்தக்காரர் டர்பன் தமிழர், அறுபதைத் தாண்டியவர். ‘வா தம்பி’, ‘சாப்பிடு’, ‘போதும்’ இவற்றைத் தவிர அவரிடம் தமிழ் அதிகம் இல்லை. 38 அடிப் படகு. கூட ஒரு மொரீஷியஸ் பையன், மூன்றாவதாக நான். நாகர்கோவில்காரன் என்பதால் கடல் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். கரையில் நின்று பார்த்த கடல் கணக்கில் வராது என்பது முதல் இரவே புரிந்துவிட்டது. அப்புறம் இன்னொரு முறையும் அதே பாதையில் போனேன். ஆள் தேவை என்று யாராவது உங்களையும் கேட்டால், சரி என்று சொல்லும் முன் இதைப் படியுங்கள்.

முதலில் பாதையைப் பற்றி. போர்ட் லூயியிலிருந்து பக்கத்துத் தீவான ரீயூனியனின் லெ போர் துறைமுகத்துக்குச் சுமார் 130 கடல் மைல், ஓர் இரவும் கொஞ்சமும். அங்கிருந்து தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே அல்லது டர்பனுக்கு ஏறக்குறைய 1400 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். இந்த அளவுப் படகு ஒரு நாளைக்கு 120 முதல் 140 மைல் ஓடும். ஆக, பத்துப் பன்னிரண்டு நாள். முதல் பாதியில் தென்கிழக்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும். மடகாஸ்கருக்குத் தெற்கே போன பிறகு வானிலை மாறிக்கொண்டே இருக்கும். கடைசி நூறு மைல்தான் இந்தப் பயணத்தின் பரீட்சை. அகுலாஸ் நீரோட்டம் அங்கேதான் இருக்கிறது. கிளம்பும்போதே கேப்டன் எங்களிடம் சொன்னது இதுதான்: கடைசி இரண்டு நாளுக்காக இப்போதிருந்தே தூக்கத்தைச் சேர்த்து வையுங்கள். கீழே நான் சொல்லும் சாப்பாடு, காவல், மருந்து எல்லாமே அந்தச் சேமிப்புக்குத்தான்.

ஒப்புக்கொள்ளும் முன்

ஒரு நாளாவது அதே படகில் பக்கத்துக் கடலில் போய்ப் பாருங்கள். கிரான் பே வரை போய் வந்தாலே போதும், படகையும் ஆளையும் ஓரளவு எடை போட்டுவிடலாம். கேப்டன் கத்துகிறாரா, சொல்லித் தருகிறாரா என்று கவனியுங்கள். உயிர் காக்கும் மிதவையை எப்போது சோதனைக்கு அனுப்பினார், அவசர சமிக்ஞைக் கருவியான எபர்ப் இந்தப் படகின் பெயரில் பதிவாகியிருக்கிறதா, இவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரோடு போக வேண்டாம். சாப்பாட்டுச் செலவில் உங்கள் பங்கு என்ன, திரும்பி வரும் டிக்கெட் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

‘இந்தத் தேதிக்குள் டர்பனில் இருந்தாக வேண்டும்’ என்று சொல்கிற கேப்டனோடும் கண்டிப்பாகப் போகாதீர்கள். தேதி பார்த்துக் கிளம்புகிறவர் வானிலையைப் பார்ப்பதில்லை. அதே காரணத்துக்காக நீங்களும் திரும்பும் டிக்கெட்டை மாற்ற முடிகிற மாதிரி வாங்குங்கள்.

விசா விஷயம். கடல் வழியாக வந்தாலும் விசா விசாதான். ரீயூனியன் பிரான்ஸ்தான், ஆனால் ஷெங்கன் பகுதியில் சேராது. ஐரோப்பாவுக்கு வாங்கிய ஷெங்கன் விசாவைக் காட்டி அங்கே இறங்கலாம் என்று நினைக்க வேண்டாம். கப்பல் ஆட்கள் பட்டியலில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இனிஷியல் தொல்லை எங்கே போனாலும் உண்டு.

எடுத்துப் போக வேண்டியவை

சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், அதை வைக்க இடமே இருக்காது. மடக்கிச் சுருட்டக்கூடிய துணிப்பை ஒன்று போதும். சிவப்பு வெளிச்சமும் தரும் தலைவிளக்கு, தரையில் கறை பதிக்காத அடிப்பாகம் உள்ள ஷூ, மழைச் சட்டை, மழைக் கால்சட்டை. கம்பளிச் சட்டை ஒன்று. மொரீஷியஸ் வெயிலில் நின்றுகொண்டு இதை எடுத்து வைக்க யாருக்கும் மனம் வராது. தெற்கே போய்த் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது, விடியற்காலை மூன்று மணிக்கு, அதைத் தவிர வேறு எதுவும் உங்களுக்கு வேண்டியிருக்காது.

மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கயிறு சுற்றும் வின்ச்சில் மோதிரம் மாட்டினால் விரல் போய்விடும். நேர்ந்துகொண்டு போட்ட மோதிரம் என்றால் பைக்குள் இருக்கட்டும், சாமி கோபித்துக்கொள்ளாது.

லைஃப் ஜாக்கெட்டைச் சொந்தமாக வாங்குவது நல்லது. ஆனால் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். புதியது என்று ஒரு கடையில் எனக்குத் தந்த ஜாக்கெட்டை ஊதவைக்கும் வாயு உருளை காலியாக இருந்தது. உருளையின் மேல் அதன் எடை அச்சிட்டிருக்கும். அதைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் முழுசா காலியா என்று தெரிந்துவிடும். நான் தற்செயலாக நிறுத்துப் பார்த்ததால் தப்பித்தேன்.

சாப்பாட்டுச் சாமான்

இதில் தமிழர்கள் நாம் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்துச் சமையல் நம் பாட்டிகளுடையது. புளியோதரை, இட்லிப் பொடி, ஊறுகாய், அவல், சத்துமாவு எல்லாம் கடலுக்கென்றே கண்டுபிடித்தது போல் இருக்கும்.

போர்ட் லூயி சந்தைக்கு விடியற்காலையில் போய், குளிர்பெட்டியில் வைக்காத காய்களாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு முறை குளிரில் வைத்து எடுத்த காய் சீக்கிரம் அழுகும். முட்டைக்கோஸ், பூசணி, உருளைக்கிழங்கு, வெங்காயம், எலுமிச்சை, பச்சைத் தக்காளி. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், கிழங்கு முளைவிடும். வாழைத்தாரைக் கட்டித் தொங்கவிட ஆசை வரும். முழுத்தாரும் ஒரே நாளில் பழுத்து மூன்று நாள் வாழைப்பழம் மட்டுமே தின்ன வேண்டியிருக்கும், எங்கள் அனுபவம். முட்டையை ஒரு நாளைக்கு ஒரு முறை புரட்டி வைத்தால் குளிர்பெட்டி இல்லாமலே தாங்கும். அட்டைப் பெட்டி எதையும் படகில் ஏற்றாதீர்கள். கரப்பான்பூச்சி முட்டை அதன் மடிப்பில்தான் இருக்கும். ஏறிவிட்டால் டர்பன் வரை உங்களோடு வரும்.

தோசை மாவு பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு டப்பா நிறைய அரைத்து எடுத்துப் போனேன். ஆட்டத்திலும் சூட்டிலும் இரண்டாம் நாளே பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, தரைப்பலகை இடுக்கு வழியாகப் படகின் அடிவயிற்றுக்குப் போய்விட்டது. அந்தப் புளித்த வாடை தென்னாப்பிரிக்கச் சுங்க அதிகாரி வரும்வரை இருந்தது. ரவை எடுத்துப் போங்கள்.

தண்ணீர்க் கணக்கு எளிது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். பன்னிரண்டு நாள் பயணத்துக்கு இருபது நாளுக்கு வையுங்கள். மூன்று பேருக்கு 240 லிட்டர். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வைக்காமல் ஒரு பங்கைக் கேனில் தனியாக வையுங்கள். தொட்டியில் உப்புத் தண்ணீர் கலந்துவிட்டால் அந்தக் கேன்தான் உயிர். சோற்றுக்கும் கிழங்குக்கும் மூன்றில் ஒரு பங்கு கடல்நீர் ஊற்றி வேகவைத்தால் நல்ல தண்ணீரும் மிச்சம், உப்பும் போட வேண்டாம். துறைமுகத் தண்ணீரில் இதைச் செய்துவிடாதீர்கள்.

முதல் மூன்று நாள்

வாந்தி வரும். வராது என்று சொல்கிறவருக்கும் வரும். மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது, முந்தின இரவே தொடங்க வேண்டும். சின்னரிசின் போன்றவை பலருக்குக் கேட்கும், ஆனால் தூக்கம் வரும். ஏற்கெனவே வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கரையிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. இஞ்சி மொரப்பாவும் உதவும். உள்ளே உட்கார்ந்து போனைப் பார்க்காதீர்கள். வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள், முடிந்தால் சுக்கானைப் பிடியுங்கள், அதுவும் முடியாவிட்டால் கண்ணை மூடிப் படுத்துவிடுங்கள். வாந்தி எடுக்கும்போது காற்று வருகிற பக்கம் போகாதீர்கள், பாதுகாப்புக் கயிற்றை மாட்டாமல் ஓரத்துக்கே போகாதீர்கள். வெறும் வயிறு இன்னும் மோசம். கஞ்சி, உப்பு பிஸ்கட், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று ஏதாவது போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தப் பாதையில் ஒரு வசதி இருக்கிறது. முதல் இரவு முடிந்ததும் ரீயூனியன் வந்துவிடும். அந்த 130 மைலை ஒத்திகையாக எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு சுத்தமாக ஒத்துக்கொள்ளவில்லை என்றால் லெ போரில் இறங்கிவிடுங்கள். விமானத்தில் முக்கால் மணி நேரத்தில் மொரீஷியஸ் திரும்பிவிடலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அங்கிருந்து கிளம்பிய பிறகு பத்து நாளைக்கு இறங்க இடமே கிடையாது.

அங்கே தங்கும் நாளில் சேன்த் ஆந்த்ரே கோயிலுக்கு ஒரு நடை போய் வாருங்கள். ‘மலபார்’ என்று அழைக்கப்படுகிற நம்மவர்களின் வம்சம். கோபுரமும் சாமியும் அப்படியே நம்முடையவை, பேச்சு மட்டும் கிரியோல்.

காவல்

மூன்று பேர் இருந்தால் மூன்று மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு. எனக்கு இரவு 12 முதல் 3 வரை. பதினைந்து நிமிடம் முன்னால் எழுப்புவார்கள். சட்டை மாட்டி, லைஃப் ஜாக்கெட் போட்டு, ஒரு வாய் டீ குடித்துவிட்டு மேலே வர அந்த நேரம் வேண்டும். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். படகில் வரும் சண்டைகளில் பாதி இதனால்தான் வருகிறது.

காவலில் என்ன வேலை? பெரும்பாலும் பார்ப்பதுதான். சுக்கானைத் தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று, நாலா பக்கமும் தொடுவானத்தைச் சுற்றிப் பாருங்கள். தொடுவானத்தில் தலைகாட்டும் சரக்குக் கப்பல் கால் மணி நேரத்துக்குள் உங்கள் மேல் வந்துவிடும். கப்பல் அடையாளக் கருவியான ஏஐஎஸ் உதவும், ஆனால் எல்லாக் கலமும் அதில் தெரியாது. நான் சமையலறை டைமரைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன், கண் சொக்கினாலும் அது கத்தும். மணிக்கு ஒரு முறை இடம், திசை, காற்று, காற்றழுத்தம் நான்கையும் நோட்டில் எழுதுங்கள். காற்றழுத்த எண் முதலில் சலிப்பாக இருக்கும். கடைசியில் அதுதான் காப்பாற்றும்.

இரவில் காக்பிட்டை, அதாவது பின்தளத்தில் நாம் உட்காரும் பள்ளத்தை, விட்டு ஓர் அடி வெளியே வைக்க வேண்டுமென்றாலும் இன்னொருவரை எழுப்பிவிட்டுத்தான். கயிற்றை மேல்தளப் பட்டையில் மாட்டிவிட்டுத்தான். ஆண்களுக்குத் தனியாக ஒன்று: ஓரத்தில் நின்று கடலில் சிறுநீர் கழிக்காதீர்கள். உள்ளே போய் உட்கார்ந்து போங்கள். அப்படி நின்றபடி விழுந்து காணாமல் போனவர்கள் உண்டு.

இப்போது நம் ஆட்களிடம் நான் பார்த்த ஒரு பழக்கம். ‘பெரியவர் இப்போதுதான் படுத்தார், எழுப்ப வேண்டாம்.’ வீட்டில் இது மரியாதை, படகில் ஆபத்து. மூன்றாம் இரவு என் காவலில் காற்று ஏறிக்கொண்டே போனது. கேப்டன் களைத்திருந்தார். இன்னும் அரை மணி பார்க்கலாம் என்று நானே தள்ளிப் போட்டேன். அரை மணி இரண்டு மணி நேரமாயிற்று. படபடவென்று ஒரு சத்தம், முன்பாய் விளிம்போடு கிழிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. ‘தம்பி, என்னைக் கூப்பிடு. எப்பவும் கூப்பிடு’ என்றார், அவ்வளவுதான். அடுத்த ஒன்றரை நாள் ஊசியும் நூலுமாக நான்தான் அந்தப் பாயைத் தைத்தேன். கை கொப்பளித்தது, தூக்கச் சேமிப்பும் போனது. சந்தேகம் வந்த அந்த நொடியே எழுப்புங்கள். பாயைக் குறைக்கலாமா என்று மனதில் தோன்றினால் அதுதான் குறைக்க வேண்டிய நேரம். நாங்கள் அப்புறம் பொழுது சாயும்போதே ஒரு சுற்றுக் குறைத்துவிடுவோம். வேகம் கொஞ்சம் போனாலும் மூன்று பேரும் தூங்கினோம்.

நல்ல இரவுகளும் உண்டு. ஒன்பது மணிவாக்கில் கிழக்கே திருவாதிரை எழும், ஆனால் ஊரில் பார்த்த அந்த வேட்டைக்காரன் வடிவம் இங்கே தலைகீழாகக் கிடக்கும். தென்கிழக்கில் அகத்தியர் விண்மீன், ஊரில் பார்த்ததைவிட எவ்வளவோ மேலே ஏறி வரும். படகு கிழிக்கும் தண்ணீரில் பச்சைப் பொறிகள். இதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் வழிகாட்டி வேலை நடக்காது.

உள்ளே

அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும், படகு சாய்ந்தாலும் அது நேராக நிற்கும். அப்படியும் பிரஷர் குக்கர்தான் பாதுகாப்பு; கவிழ்ந்தாலும் மூடி திறக்காது. சமைக்கும்போது மழைக் கால்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். வியர்க்கும்தான். கொதிக்கிற சாம்பார் தொடையில் கொட்டினால் பக்கத்து ஆஸ்பத்திரி நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கும். கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு டீ ஊற்றாதீர்கள், பாத்திரத் தொட்டியில் வைத்து ஊற்றுங்கள். எண்ணெய்ச் சட்டி வைக்கவே கூடாது. எங்கள் மொரீஷியஸ் பையன் நாலாம் நாள் கத்தோ பீமா, அதாவது நம் மசால் வடை, வேண்டும் என்று ஏங்கினான், டர்பனில்தான் கிடைத்தது. சமையல் முடிந்ததும் கேஸை உருளையிலேயே மூடுங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் வெளியே போகாமல் படகின் அடியில் குளம் கட்டி நிற்கும்.

டாய்லெட்டில் நீங்கள் தின்று செரித்ததைத் தவிர வேறு எதுவும் போகக் கூடாது. காகிதமும் குப்பைக்கூடையில்தான். முடிந்ததும் வால்வை மூடுங்கள். அடைத்துக்கொண்டால் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டியவர் அடைத்தவர்.

குளியல் பின்தளத்தில், வாளியில் கடல்நீர். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம்தான் உப்புத் தண்ணீரில் நுரைக்கும். கடைசியில் அரை லிட்டர் நல்ல தண்ணீரால் துடைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உட்காரும் இடத்தில் உப்புப் புண் வரும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கலாம், தளத்தில் சிந்தினால் சறுக்கும்.

படுக்கையின் ஓரத்தில் ஒரு துணியை இழுத்து மேலே கட்டுவார்கள், உருண்டு விழாமல் இருக்க. பார்த்தால் தூளிதான். முதல் நாள் சிரிப்பு வந்தது. நாலாம் நாள் தூளிக்குள் விழுந்தால் உடனே தூக்கம்.

நடுவில் ஐந்தாறு நாள் ஒன்றுமே நடக்காது. தூண்டில் கயிற்றை விட்டுப் பாருங்கள், டொராடோ மீன் மாட்டும். பெரிய சூரை மாட்டினால் வெட்டிச் சேமிக்க இடம் இருக்காது, சின்னதே போதும். எங்கள் முதல் பயணத்தில் தீபாவளி கடலில் வந்தது. ரவா கேசரி செய்தோம். சிவப்புத் தீப்பந்தம் ஒன்று கொளுத்தலாமா என்று பையன் கேட்டான். அது ஆபத்து என்று உலகத்துக்குச் சொல்லும் அடையாளம். விளையாட்டுக்குக் கொளுத்தினால் எங்கோ போகிற கப்பல் திசை மாறி உங்களைத் தேடி வரும். கேசரியோடு நிறுத்திக்கொண்டோம்.

மடகாஸ்கருக்குத் தெற்கே

தீவின் தென்முனையை ஒட்டிப் போகாதீர்கள். கடலடித் திட்டு அங்கே வெகுதூரம் நீண்டிருக்கிறது. நீரோட்டமும் சேர்ந்து அலையைக் கண்டபடி குலைக்கும். குறைந்தது 100 மைல் தள்ளிப் போவது வழக்கம். பாதை நீள்கிறதே என்று அங்கலாய்க்க வேண்டாம். இங்கேதான் முதல் தென்மேற்குக் காற்றையும் சந்திப்பீர்கள். அதை ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து வீசும் காற்று, காற்றழுத்தம் இறங்குவது, திடீரென்று ஓர் அமைதி, அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து அறை. அந்த வரிசையை நோட்டில் எழுதி வையுங்கள்.

கடைசி நூறு மைல்

அகுலாஸ் நீரோட்டம் தென்னாப்பிரிக்கக் கிழக்குக் கரையை ஒட்டித் தென்மேற்காக ஓடும் ஒரு பெரிய ஆறு. சில இடங்களில் மணிக்கு 5 கடல் மைல் வரை வேகம். காற்று வடகிழக்கிலிருந்து வீசினால் அது உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். அதே நீரோட்டத்துக்கு எதிரே தென்மேற்குக் காற்று அடித்தால் அலை குறுகிச் செங்குத்தாக எழும். 20 மீட்டர் வரை அலை எழக்கூடும் என்று கடல் வரைபடங்களிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். பெரிய கப்பல்களே அங்கே உடைந்திருக்கின்றன. ஆபத்து அதிகம் இருப்பது 200 மீட்டர் ஆழக்கோட்டுக்குச் சற்று வெளியே.

ஆகவே வரிசை இது. கரை இன்னும் 150 மைல் இருக்கும்போதே வானிலை முன்னறிவிப்பை இறக்கிப் பாருங்கள். குறுக்கே கடக்க நல்ல காற்றுள்ள ஒரு பகலும் இரவும் தெளிவாகக் கிடைக்காவிட்டால் அங்கேயே நில்லுங்கள். பாயைக் குறைத்து, படகை மெதுவாக ஆடவிட்டு, அந்தத் தென்மேற்கு கடந்து போகும்வரை தூங்குங்கள். ஊர் விளக்கு நாளைக்கே தெரியும் என்று தோன்றும்போது நிற்பதுதான் மிகக் கஷ்டம். நாங்கள் இரண்டாம் பயணத்தில் முப்பது மணி நேரம் நின்றோம். பையன் ‘தூஸ்மா, தூஸ்மா’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். மெதுவாக, மெதுவாக என்று கிரியோலில்.

நிற்கும் நேரத்தில் புளியோதரை கிளறி டப்பாவில் அடைத்து வையுங்கள், ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்புங்கள். கடக்கும்போது அடுப்பு கிடையாது. போக வேண்டிய துறைமுகத்தை நேராகக் குறிவைக்காதீர்கள். அதற்கு வடக்கே குறிவையுங்கள், நீரோட்டம் கீழே இழுத்துவரும். தவறவிட்டால் எதிர்நீச்சல் போட்டுத் திரும்புவது நடக்காத காரியம். ரிச்சர்ட்ஸ் பேயைத் தவறவிட்டால் 90 மைல் தெற்கே டர்பன் இருக்கிறது என்பது ஓர் ஆறுதல். காவலை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள், காற்றழுத்தத்தை அரை மணிக்கு ஒரு முறை பாருங்கள். இறங்கிக்கொண்டே வந்தது நின்று மேலே திரும்பினால் தென்மேற்குக் காற்று வாசலில் நிற்கிறது. சில நிமிடத்தில் அடிக்கும். அதற்குள் பாய் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்டால் 200 மீட்டர்க் கோட்டுக்கு உட்பக்கம், கரைப்பக்கம் வாருங்கள், அங்கே நீரோட்டமும் அலையும் குறையும்.

பத்து நாளாகச் சேர்த்த தூக்கத்தை இங்கே செலவு செய்யுங்கள். முதல் பயணத்தில் நான் பாய் தைத்துக் களைத்துப்போய் வந்து, இந்த இடத்தில் திசைகாட்டியைத் தப்பாகப் படித்தேன். கேப்டன் பக்கத்தில் இருந்தார்.

கரை

ரிச்சர்ட்ஸ் பேயும் டர்பனும் பெரிய சரக்குத் துறைமுகங்கள். விஎச்எஃப் வானொலியில் துறைமுகக் கட்டுப்பாட்டைக் கூப்பிட்டு அனுமதி கிடைத்த பிறகே உள்ளே நுழையுங்கள். மஞ்சள் கொடியை ஏற்றுங்கள். குடியேற்றம், சுங்கம் முடியும்வரை யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. மிச்சமிருக்கும் காய்கறி, பழம் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். கடிகாரத்தை இரண்டு மணி நேரம் பின்னால் திருப்புங்கள்.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு இதே டர்பன் துறைமுகத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. உள்ளே நுழையும்போது எங்கள் கேப்டன் அதை மட்டும் சொன்னார், அப்புறம் கயிறு கட்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

இறங்கியதும் தரை ஆடும், இரண்டு நாளில் சரியாகிவிடும். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பன்னி சௌ சாப்பிடப் போகலாம், ரொட்டிக்குள் குழம்பு; அதிகம் கேட்காத வயிறாக இருந்தால் கால் ரொட்டியே போதும். ஆனால் படுக்கும் முன் ஒரு வேலை. லைஃப் ஜாக்கெட்டையும் பாதுகாப்புக் கயிற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். உப்பு படிந்தால் கொக்கி இறுகிவிடும், அப்புறம் அவசரத்தில் திறக்காது.